ஃபோல்டர் சண்டைக்காரி

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத எனக்கு உரிமை இல்லை. மாற்றுப்பெயர் ஒன்று வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் உள்ளே ஒருத்தியை வைத்துக்கொண்டு வெளியே வேறொரு பெயரை ஒட்டினால் அவளுக்கு எப்படிக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே வெறும் ‘அவள்’. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் வந்து சேர்ந்தபோது நான் அந்தக் கம்பெனியில் நான்கு வருடம் பழையவன்.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். மொத்தம் பதினோரு பேர். ரத்தப் பரிசோதனை செய்யும் சின்ன லேப்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுப்பது தொழில். லேப் மெஷின் சொல்லும் எண்ணை வாங்கி, நோயாளியின் பெயர், வயதோடு சேர்த்து ரிப்போர்ட்டாக அச்சடித்துக் கொடுக்கும் எங்கள் சாஃப்ட்வேர். எண் சாதாரண அளவுக்கு மேலேயோ கீழேயோ போனால் அதைத் தடித்த எழுத்தில் காட்டும். டாக்டர்கள் அவசரத்தில் தடித்த எழுத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வரைக்கும் இருபது, இருபத்தைந்து லேப்களில் அது ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வந்த முதல் நாள் காலையிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்குச் செய்வதுபோல என் பக்கத்து சிஸ்டத்தில் உட்காரவைத்து, எங்கள் சாஃப்ட்வேரின் நிரல் முழுவதும் இருக்கும் இடத்தைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

“இன்னா சார் இது? ஃபைனல்னு மூணு ஃபோல்டர் கீது. எது சார் ஃபைனல்?”

ஆபீஸ் மொத்தமும் சிரித்தது. கேள்விக்காகச் சிரிக்கவில்லை, ‘கீது’வுக்காகச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். மூன்று ஃபைனல்களில் எது உண்மையான ஃபைனல் என்று எங்கள் பதினோரு பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் வேறு வேறு பதில் சொல்லியிருப்பார்கள். அது அன்றைக்கு யாருக்கும் வெட்கமாக இல்லை.

ஃபைனல் மட்டும் இல்லை. ‘நியூ’ என்று ஒன்று, ‘லேட்டஸ்ட் நியூ’ என்று ஒன்று. ‘ஓல்டு’ என்ற ஃபோல்டரில் இருந்ததுதான் முக்கால்வாசி லேப்களில் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களின் பெயரில் நான்கைந்து ஃபோல்டர்கள். எதில் போடுவது என்று தெரியாததை எல்லாம் கொட்டிவைக்க ‘மிசலேனியஸ்’. அதற்குள்ளே இன்னொரு ‘நியூ’. இது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. சொந்த வீட்டில் எந்தப் படியில் கால் இடறும் என்று தெரிந்து தாண்டிப்போகிறவர்களைப்போல நாங்கள் தாண்டித் தாண்டி வேலை செய்துகொண்டிருந்தோம்.

அவளுக்கு உட்கார்ந்துகொண்டு கோபப்படத் தெரியாது. கோபம் வந்தால் எழுந்துவிடுவாள். குரல் உயராது, இன்னும் தாழ்ந்துதான் போகும். நாற்காலிச் சக்கரம் தரையில் உருளும் சத்தம் கேட்டாலே எங்களில் யாராவது, “எழுந்துட்டாப்பா” என்பார்கள். யாரோ ஒருவன் ஒரு ஃபைலை மிசலேனியஸில் போட்டிருப்பான். அவனுடைய மேஜைக்கு வந்து நிற்பாள். இது என்ன வேலை செய்கிறது என்று கேட்பாள். அவன் சொல்வான். அதையே பெயராக வைக்க உனக்கு என்ன கேடு என்பாள். அவ்வளவுதான். ஆனால் அவன் மாற்றி முடிக்கும்வரை நகரமாட்டாள்.

ஒரு நாள் என் முறை வந்தது. என் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். லேப்களுக்குப் போய் சாஃப்ட்வேர் நிறுவுகிற ஆள் நான். அவசரத்துக்கு வேண்டிய சின்னச் சின்ன நிரல்களை எல்லாம் அதில் வைத்துக்கொள்வேன். அவள் வந்து நின்று, “உன் பேரை ஏன் ஃபோல்டருக்கு வச்சிருக்க? நீ நாளைக்குப் போய்ட்டா உள்ள இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்?” என்றாள். அதற்குள் ‘சார்’ போய் ‘நீ’ வந்திருந்தது. நான் எங்கேயும் போகப் போவதில்லை என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று பழைய பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். எனக்குச் சுருக்கென்றது. முந்தாநாள் வந்தவள் எனக்குச் சொல்லித்தருகிறாளா என்று கத்திவிட்டேன். ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில்தான் என் பெயருள்ள ஃபோல்டரில் நானே வைத்த ஒரு நிரலை அரை நாள் தேடினேன். கிடைக்கவில்லை. புதிதாக எழுதிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் யாரோ அவளுக்கு ‘ஃபோல்டர் சண்டைக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் அதற்கு மட்டும் எழுந்து நிற்கவில்லை. “கரெக்டாத்தான் வச்சிருக்கீங்க,” என்றாள்.

அவள் எழுதும் ஆங்கிலம் எங்கள் யாருடையதையும்விடச் சுத்தமாக இருக்கும். இரண்டு வரி மெயில், தேவையில்லாத ஒரு சொல் இருக்காது. வாயைத் திறந்தால் மட்டும் ஆற்றோரத்துக் குரல். நகரத்துக்குள் ஆற்றோரமாக இருந்த அவர்களுடைய வீடுகளை இடித்து, லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் கொண்டுவந்து விட்டபோது அவள் கல்லூரி இரண்டாம் வருடம். அங்கிருந்து பஸ் மாறி மாறிப் போய்ப் படித்து முடித்தவள். எங்கள் முதலாளி இண்டர்வியூவில் அவளுடைய விலாசத்தைப் படித்துவிட்டு, “பெரும்பாக்கத்துல எந்த சைடு?” என்று கேட்டாராம். அவள் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். பிறகு வேறு ஆள் கிடைக்காததால் கூப்பிட்டிருக்கிறார். இதை அவளே என்னிடம் சொன்னாள், டிஃபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததுபோல.

ஒரு மழை நாளில் பஸ் வராமல் நின்றவளை என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பெரும்பாக்கத்தில் எல்லாக் கட்டிடமும் ஒன்றுபோல இருக்கும். ஒவ்வொரு சுவரிலும் ஒரு பிளாக் எண். அதன் மேலேயே பெயிண்ட் அடித்து இன்னொரு எண். பழையது பாதி தெரிகிறது. எது சரி என்று கேட்டேன். இரண்டும்தான் என்றாள். ரேஷன் கார்டில் ஒன்று, கரெண்ட் பில்லில் ஒன்று. அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்றைக்கு ஆம்புலன்ஸ் அதே எண் எழுதிய வேறொரு கட்டிடத்துக்குப் போய் நின்றதாகவும், இவர்கள் கீழே இறக்கி நடத்திக் கூட்டிப்போனதாகவும் சொன்னாள். அப்பா பிழைத்துக்கொண்டார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். “அதனாலதான் நீங்க பேர் விஷயத்துல இவ்வளவு கோபப்படறீங்களா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

வண்டியிலிருந்து இறங்கி நின்றாள். “சும்மா கதை கட்டாத. ஆம்புலன்ஸ் வரலேன்னாலும் எனக்குக் கோவம் வரும். எழுதி வச்சது பொய்னா வராதா? உனக்கு ஏன் வரலேன்னு யோசி.”

இப்படித்தான். அவளிடம் அன்பாகப் பேசப் போனாலும் அடி வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஆனால் ஒரே ஒரு முறை, கோபமில்லாமல், அவள் ஏன் இதற்காகச் சாகிறாள் என்று சொன்னாள். கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். டீக்கடை கிளாஸில் குடிக்கமாட்டாள். தன் டம்ளரை எடுத்துக்கொண்டுதான் இறங்குவாள். அவசரத்தில் கை வைக்கிறவன் உள்ளே திறந்து பார்த்துக்கொண்டிருக்கமாட்டான், பெயரைப் பார்த்துத்தான் கை வைப்பான் என்றாள். “அவன் கை தப்பா போகாம பாத்துக்கறதுதான்பா நம்ம வேலை. அவனத் திட்டி இன்னா ஆவப் போவுது?” நான் தலையாட்டினேன். யாரோ ஒருவனைப் பற்றித்தானே பேசுகிறாள் என்று டீயைக் குடித்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சாதாரண அளவு எது, அதிகம் எது என்ற பட்டியல்கள் எங்கள் நிரலில் இரண்டு ஃபோல்டர்களில் இருந்தன. ஒன்று ‘ரேஞ்ச்’. இன்னொன்று ‘ரேஞ்ச் நியூ’. இந்த ‘நியூ’ உண்மையில் பழையது. யாரோ மூன்று வருடத்துக்கு முன்னால் புதிதாகச் செய்து, நியூ என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு குழந்தைகளுக்கு வயதுவாரியாகத் தனி அளவு வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லி, அந்தத் திருத்தம் எல்லாம் ‘ரேஞ்ச்’ ஃபோல்டரில்தான் நடந்தது. ‘நியூ’வில் பெரியவர்களுக்கான அளவு மட்டும்தான். இதை அவள் கண்டுபிடித்து, முதலாளிக்கு மெயில் எழுதினாள். நியூ என்பது நியூ இல்லை, யாராவது தெரியாமல் எடுத்துவிடுவார்கள், பெயரை மாற்ற அனுமதி கொடுங்கள் என்று இரண்டு வரி. எனக்கும் ஒரு நகல் வந்தது. புது லேப்களைப் பிடிக்கும் மும்முரத்தில் முதலாளி, இப்போது அது முக்கியமில்லை என்று பதில் போட்டார். அச்சடிக்கும் தாளின் வடிவங்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் வேண்டுமானால் ஒழுங்குபடுத்திக்கொள் என்றார். நான் அந்த மெயிலை முழுதாகப் படிக்கவில்லை. ‘ஃபோல்டர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் மூடிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, படப்பையில் ஒரு டாக்டரம்மா நடத்தும் லேபுக்கு எங்கள் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பைக் கொண்டுபோய் நிறுவினேன். கிளம்புவதற்கு முன்னால் அவசரமாகத் தொகுத்தேன். புதிய பதிப்புதானே என்று ‘ரேஞ்ச் நியூ’வை எடுத்தேன்.

கிட்டத்தட்ட ஒரு மாதம் யாருக்கும் தெரியவில்லை. இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு முகம் வீங்கியிருக்கிறது என்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள். கிரியாட்டினின் என்று ஒரு பரிசோதனை; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்வது. அந்தக் குழந்தைக்கு வந்த எண், ஒரு பெரிய ஆளுக்கு வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இரண்டரை வயதில் வந்தால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று அர்த்தம். எங்கள் ரிப்போர்ட் அதைத் தடித்த எழுத்தில் காட்டவில்லை. பார்த்த டாக்டர் அலர்ஜிக்கு மருந்து எழுதி அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்துக் குழந்தை சுருண்டு விழுந்தபோது, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அந்தத் தாளை வாங்கி எண்ணைப் பார்த்திருக்கிறார்.

படப்பை டாக்டரம்மா அந்தத் தாளோடு நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்தார். முதலாளி ஒரு நாள் அவகாசம் கேட்டு அனுப்பிவைத்தார்.

யார், எப்போது, எதை எடுத்தார்கள் என்று நிரலின் ஹிஸ்டரியில் தானாகவே பதிவாகியிருக்கும். அவள் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். எழுந்து நின்று பேசுகிற வழக்கமான நிற்றல் இல்லை அது. குனிந்து, யாருக்கும் கேட்காமல், “உன் பேருதான் கீது. நீயே போய் சொல்லிடு. நான் சொன்னா கோள் சொன்ன மாரி ஆவும்,” என்றாள்.

போனேன். முதலாளியின் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். இதையாவது செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

“நீதான் எல்லா லேபுக்கும் போற. உன் பேர் வெளிய வந்தா எல்லாரும் அவங்கவங்க ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்க ஆரம்பிப்பாங்க. அந்தப் பொண்ணு ஒரு வருஷமா ஃபோல்டர், ஃபோல்டர்னு மாத்திட்டுத்தானே இருந்தா? அவ மாத்தினதுல கலந்துடுச்சுன்னா யாரும் கேள்வி கேட்கமாட்டாங்க.”

சார், அவங்கதான் முன்னாடியே மெயில் போட்டாங்க என்றேன்.

“தெரியும்,” என்றார். “உன் வொய்ஃபுக்கு ஏழாம் மாசம்னு லீவு கேட்டிருந்தியே. எடுத்துக்கோ.”

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது முதலாளி எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துக்கொண்டே அதைச் சொன்னார். எங்கள் டீமில் ஒருத்தர் அனுமதி இல்லாமல் ஃபோல்டர்களை மாற்றி அமைத்துக்கொண்டிருந்தார், அதில் கலந்துவிட்டது, நடவடிக்கை எடுத்துவிட்டோம். மூன்றே வாக்கியம். மன்னிப்புக் கேட்கும் குரலில், கண்ணில் கொஞ்சம் ஈரத்தோடுகூட. ஆபீஸில் ஒருவருக்கும் ஆச்சரியம் இல்லை. சண்டைக்காரிதானே, செய்திருப்பாள். எந்தப் பிழை நடந்துவிடக் கூடாது என்று ஒரு வருடம் தொண்டை காயப் பேசினாளோ, அப்படிப் பேசியதையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார்கள்.

அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “சொல்லு,” என்றாள்.

நான் மேஜையைப் பார்த்தேன்.

மூன்றாவது நாள் மதியம் குழந்தையின் அப்பா வந்தார். ஒரகடத்தில் வேலை, தொழிற்சாலைச் சீருடையோடு வந்திருந்தார். மாடிப்படி ஏறிய வேகத்தில் மூச்சு வாங்கியது. எவ அது என்று கேட்டார். முதலாளி கையைக்கூட நீட்டவில்லை, அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த மனிதர் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. பெற்றவரின் வயிற்றெரிச்சலிலிருந்து வரும் சொற்கள். பிள்ளை பெற்றால்தான் உனக்குத் தெரியும் என்றார், உனக்குப் பிள்ளையே பிறக்காது என்றார். அவள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பேச்சு முடிந்து நின்றபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பாப்பா இப்ப எப்படிக் கீதுண்ணா?”

அவர் சுவரில் சாய்ந்து அழுதார். ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவள் வெளியே மாடிப்படிக்குப் போனாள், நான் பின்னாலேயே போனேன். ‘நான் இல்லை’ என்று ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். இப்படிக் கேட்க எனக்கு வாய் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“கொழந்தை ஆஸ்பத்திரில படுத்துகினு கீது. அந்தாளு முன்னாடி நின்னு, நான் இல்ல, அவன்னு கை காட்டச் சொல்றியா? அது உன் வேல. நீ செய்யல.”

அன்று மாலைக்குள் ராஜினாமாக் கடிதம் கேட்டார்கள். முன்பே அடித்து வைத்திருந்தார் முதலாளி, கையெழுத்து மட்டும்தான். அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு முறைதான் அவள் உட்கார்ந்தபடி கோபப்பட்டு நான் பார்த்தேன். அந்த ஒரு மாதத்தில் படப்பை லேபில் ரத்தம் கொடுத்த குழந்தைகள் எல்லோருடைய ரிப்போர்ட்டையும் சரியான அளவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அதெல்லாம் தேவையில்லை, லேப் பார்த்துக்கொள்ளும் என்றார் முதலாளி. லேபுக்கு நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டாள். அவர் ஆபீஸ் நெட்டைத் துண்டிக்கச் சொன்னார். அவள் தன் போனிலிருந்து இணைத்துக்கொண்டாள். டாக்டரம்மாவை அவளே கூப்பிட்டு, நான்தான் அந்தப் பெண், உங்கள் பக்கத்து ரிப்போர்ட்களைத் திறந்துவிடுங்கள், தப்பு ஒன்றோடு நிற்காது என்றாள். டாக்டரம்மா திட்டியிருக்கிறார். திட்டிவிட்டுத் திறந்துவிட்டார்.

இரண்டு நாள். காலையில் வந்து உட்காருவாள், மாலையில் போவாள். யாரும் அவளோடு பேசவில்லை. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நானும் பேசவில்லை. முடிவில் பட்டியல் ஒன்றை டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். அதில் இரண்டு குழந்தைகளை உடனே கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒரு குழந்தைக்கு அதே கதை. ஆனால் சுருண்டு விழுவதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அதைப் பெற்றவர்களுக்கு அவள் யார் என்றே தெரியாது.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் முன் கடைசியாக ஒரு வேலை செய்தாள். இரண்டு ரேஞ்ச் ஃபோல்டர்களுக்கும் பெயரை மாற்றினாள். ஒன்றுக்கு, ‘வயதுவாரி அளவு, இதை மட்டும் பயன்படுத்தவும்’ என்ற பொருளில். இன்னொன்றுக்கு, ‘பழையது, குழந்தைகளுக்குத் தவறு’ என்று. படித்தவனுக்கு வேறு எதுவும் தெரிய வேண்டாம், அந்தப் பெயர் போதும். டம்ளரையும் டிஃபன் பாக்ஸையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். மழை இல்லை, ஆனாலும் நான் கொண்டுபோய் விட்டிருக்கலாம்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அவள் கை வைத்த எதுவும் இங்கே இருக்கக் கூடாது, ‘குழந்தைகளுக்குத் தவறு’ என்று எழுதி வைத்தால் நாளைக்கு எவனாவது பார்த்தால் அதுவே ஆதாரமாகிவிடும், பழையபடி மாற்று என்றார்.

மாற்றினேன். ‘ரேஞ்ச் நியூ’ என்று நானே என் கையால் அடித்தேன். ஹிஸ்டரியில் அதற்கும் என் பெயர்தான் இருக்கும்.

அடுத்த வருடம் நானும் அந்தக் கம்பெனியை விட்டேன். மனசாட்சியால் அல்ல, வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தது. முதலாளி இப்போது பெரிய ஆள். ஆபீஸ் டைல்ஸ் கடை மாடியில் இல்லை.

சென்ற ஆவணியில், முடிச்சூரில் பழைய சகா ஒருவன் வீட்டுக் கல்யாணம். பந்தியில் முதலாளிக்கு எதிர் வரிசையில் உட்கார வேண்டியதாகிவிட்டது. பழைய கதைகளாகப் பேசிக்கொண்டிருந்தவர், “நம்ம ஆபீஸ்ல ஃபோல்டர் சண்டைக்காரின்னு ஒருத்தி இருந்தாளே,” என்று ஆரம்பித்து, முதல் நாள் அவள் கேட்ட கேள்வியை அவள் குரலிலேயே நடித்துக் காட்டினார். ‘கீது’ என்று இழுத்தார். பந்தியில் நாலு பேர் சிரித்தார்கள். பிறகு அவளால்தான் ஒரு கேஸே வந்திருக்கும், நான்தான் காப்பாற்றினேன் என்றார்.

என் இலையில் சோறு இருந்தது. “சார், அது அவங்க இல்ல. நான்,” என்றேன்.

“இப்ப எதுக்குப்பா அது? சாப்பிடு,” என்றார். பக்கத்தில் இருந்தவர் ரசம் கேட்டார். அவ்வளவுதான். ஐந்து வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொன்னால் மண்டபம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். ஒருவரும் கையைக்கூட நிறுத்தவில்லை. அந்த ஆளின் மேல் வந்த ஆத்திரத்தில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். வெளியே வந்து, கல்யாண வீட்டுக்காரனிடமே அவளுடைய எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன்.

நான் யார் என்று சொன்னேன். முதலாளியிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன் என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவள் கேட்டாள்:

“அந்தக் கொழந்தையோட அப்பாகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“அப்ப எங்கிட்ட எதுக்கு சொல்ற? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே.” வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா மூலமாக விலாசம் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. படப்பை பஜாரைத் தாண்டி உள்ளே போகும் தெருவில் சின்ன வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கு அவர் என்னைப் பார்க்கவே இல்லையே. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஃபோல்டர், ஏன் தப்பானது, யார் எடுத்தது, முன்பே யார் எச்சரித்தது, யாருடைய பேச்சைக் கேட்டு யார் வாயை மூடிக்கொண்டது. அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றுகொண்டார். அந்தப் பெண் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்; தரையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மாத்திரை இன்னும் உண்டு, மாதம் ஒரு முறை ரத்தம் எடுக்க வேண்டும், மற்றபடி நன்றாக இருக்கிறாள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை.

“அன்னிக்கு நான் அந்தம்மாவ என்ன பேச்சு பேசினேன் தெரியுமா?” என்றார். “நீ அங்கதான் இருந்தியா?”

இருந்தேன் என்றேன்.

அந்தம்மா நம்பர் குடு என்றார். அவளைக் கேட்காமல் கொடுப்பது சரியா என்று தெரியவில்லை. கொடுத்தேன். தன்னுடைய போனிலிருந்து அடித்துக்கொண்டே தெருக்கோடி வரைக்கும் நடந்து போனார். அங்கே ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்று பேசுவது தெரிந்தது, காதில் விழவில்லை. ஒரு கட்டத்தில் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். திரும்பி வேகமாக வந்தார், போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைத் தாண்டி வீட்டுக்குள் போய், அலமாரியில் எதையோ தேடினார். ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு எழுத்தாக, தடுமாறித் தடுமாறி. அவருடைய மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை.

பேசி முடித்துவிட்டு வெளியே வந்தார்.

“மன்னிப்பு கேட்டேன். அதெல்லாம் வுடுங்கண்ணா, பாப்பாவோட கடைசி ரிப்போர்ட்ட எடுங்கன்னாங்க. நம்பருக்குப் பக்கத்துல எந்த வயசுக்கு உண்டான அளவுன்னு போட்டுக்கீதா, அத அப்படியே படிங்கன்னாங்க. படிச்சேன். சரியா கீதுன்னாங்க.”

நான் தலையாட்டினேன். வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

“உங்களப் பத்தி ஒண்ணும் கேக்கல சார்,” என்றார். “கெளம்புங்க.”